பழி எல்லாம் மழைக்கு

மழை பெய்தால் கொசு, கொசு வந்தால் காய்ச்சல். எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். எனக்கென்னவோ இதில் பாதிக்கதைதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

வானிலைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. டெங்கு வந்தவரின் ரத்தத்தைக் குடித்த ஏடிஸ் கொசு உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிடாது. வைரஸ் அதன் வயிற்றில் பெருகி எச்சில் சுரப்பி வரை போய்ச் சேர சுமார் 8 முதல் 12 நாள் ஆகும், கொசுவின் ஆயுளோ சில வாரம்தான். வெயில் கூடினால் இந்த நாட்கள் குறையும், குளிர்ந்தால் வைரஸ் தயாராவதற்குள் கொசுவே செத்துப்போகும். அதற்காகச் சூடு ஏற ஏற நோயும் ஏறும் என்றும் இல்லை, மலேரியா பரவ 25 டிகிரியை ஒட்டிய வெப்பம்தான் தோது, அதற்கு மேலே போகப்போகக் கொசுவே தாங்காது. மழையும் அப்படித்தான். தூறல் கொசுப்புழு வளர இடம் கொடுக்கும், பேய்மழை அந்தப் புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும்.

சரி, மழையே இல்லை என்றால்? அப்போதும் டெங்கு வரும். குழாயில் தண்ணீர் வராத வீட்டில் டிரம், குடம், தொட்டி என்று கிடைத்ததில் எல்லாம் பிடித்து வைப்பார்கள். ஏடிஸுக்குக் குளம் குட்டை எதற்கு, அதுவே போதும். பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். 'தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்' என்று நாலு நாளைக்கு ஒருமுறை குழாய் திறக்கிற வீட்டில் போய்ச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இரண்டு ஊர்களை. அமெரிக்காவின் டெக்சாஸில் லாரேடோ, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் நுவேவோ லாரேடோ. ஒரே வெயில், ஒரே மழை. 1999-இல் ஆய்வு செய்தபோது ஏடிஸ் கொசு அதிகம் இருந்தது லாரேடோவில்தான், ஆனால் அண்மையில் டெங்கு தொற்றியதற்கான அடையாளம் அங்கே 1.3 சதவீதம் பேரிடம், மெக்சிகோ பக்கம் 16 சதவீதம் பேரிடம். அமெரிக்கப் பக்கத்தில் ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம். கொசு வெளியே இருந்தது, ஆள் உள்ளே.

அப்புறம் இன்னொன்று. ஏடிஸ் கடிப்பது பெரும்பாலும் பகலில். காய்ச்சல் அடிக்கிற நாட்களில்தான் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் நிறைய இருக்கும், அவர் பகலிலும் வலைக்குள் படுத்திருந்தால் கொசுவுக்கு அது போகாது. ஆனால் அன்றாடம் கூலி வாங்குகிறவர் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போயிருப்பார்.