கேட்-கேம் வெரசா படிக்கணும்னா மொதல்ல மிஷின் பக்கத்துல போயி நில்லுங்க

ஐடிஐ, டிப்ளமோ முடிச்ச தம்பிங்க நெறைய பேரு இப்பம் ஒரே கேள்விதான் கேக்காங்க, அண்ணே கேம் சாப்ட்வேர் வெரசா படிக்கணும், எதுல ஆரம்பிக்கட்டும்னு. கேம்னா கம்ப்யூட்டர்ல போட்ட மாடலப் பாத்து மிஷினுக்கு புரோகிராம் எழுதித் தார சாப்ட்வேர். நல்ல கேள்விதான். ஆப்பரேட்டரா பட்டன அமுக்கிட்டு நிக்கதுக்கும் புரோகிராமரா உக்காருததுக்கும் சம்பளத்துல என்ன வித்தியாசம்னு எல்லாருக்கும் தெரியும், திருநெல்வேலி பேட்டை சிட்கோவா இருந்தாலும் சரி கங்கைகொண்டான் சிப்காட்டா இருந்தாலும் சரி, வீட்ட விட்டுட்டு கோயம்புத்தூர் ஓசூர்னு போயி கெடந்தாலும் சரி. ஒவ்வொருத்தனுக்கும் போன்ல தனித்தனியா சொல்லுததுக்கு இத ஒரேடியா எழுதி வச்சிருதேன்.

என் பதில் ஒண்ணே ஒண்ணுதான். சாப்ட்வேர்ல உள்ள மெனுவ ஒவ்வொண்ணா படிக்காதீங்க. ஒரு சின்ன ஜாப்ப எடுங்க, ஏற்கெனவே நீங்க கையால ஜி-கோடு, அதாவது மிஷின் படிக்குத புரோகிராம, எழுதி ஓட்டுன ஜாப்பா இருந்தா ரொம்ப விசேஷம், அத மட்டும் மாடல்ல இருந்து மிஷின்ல சிப் பறக்குத வரைக்கும் ஒரு தடவ முழுசா கொண்டு போங்க. மூணு மாச கோர்ஸ்ல சேந்து எல்லா ஐகானும் தெரிஞ்சுக்கிட்டு வாரவன் ஷாப்புல வந்து நின்னா, ஜாப்ப இறுக்குத வைஸ்ல அத எப்படி புடிக்கப் போறன்னு கேட்டதும் முழிக்கான். படிச்சது வீணுன்னு சொல்லல, வரிசை மாறிப் போச்சு, அவ்வளவுதான்.

எந்த சாப்ட்வேர்ங்கத வெரசா முடிச்சிருவோம். வீட்டுல கம்ப்யூட்டர் இருந்தா ஆட்டோடெஸ்க் ஃபியூஷன் போட்டுக்கிடுங்க, முன்னால ஃபியூஷன் 360ன்னு பேரு. படிக்கிற பிள்ளைங்களுக்கு மாணவர் லைசென்ஸ் ஃப்ரீ, மத்தவங்களுக்கு சொந்த உபயோக லைசென்ஸ் ஃப்ரீ. ஆனா இந்த சொந்த உபயோக லைசென்ஸ்ல ரெண்டு மூணு கட்டு இருக்கு, வெட்டாம வேகமா தாண்டுத ரேப்பிட் மூவ் எல்லாம் வெட்டுத வேகத்துல போற ஃபீட் மூவாத்தான் வெளிய வரும், ஒரே புரோகிராம்ல டூல் மாத்த முடியாது, ஒவ்வொரு டூலுக்கும் தனி ஃபைலா எடுக்கணும். படிக்கதுக்கு இது ஒரு கொறையே இல்ல, சொல்லப்போனா டூலுக்கு ஒரு ஃபைலா இருக்கது புதுசா ஓட்டுறவனுக்கு நல்லதுதான், பாதில கரண்டு போச்சுன்னா எந்த டூல்ல நின்னோம்னு தேடி அலைய வேண்டாம். ஆனா கம்பெனி ஜாப்ப அந்த ஃப்ரீ லைசென்ஸ்ல ஓட்டக் கூடாது, அதுக்கு காசு கட்டணும், அதுல நேர்மையா இருங்க. ஒரு கட்டும் வேண்டாம்னா ஃப்ரீகேட் இருக்கு, 2024 நவம்பர்ல 1.0 வந்துச்சு, முன்னால பாத்-னு இருந்த பகுதிக்கு இப்பம் கேம்னே பேரு வச்சிருக்காங்க. மாஸ்டர்கேம் கேக்குத கம்பெனி நெறைய இருக்கு, அது தெரியும், ஆனா ஒண்ணுல தெளிவா போயிட்டா இன்னொண்ணுக்கு மாறுறது பெரிய காரியமில்ல. செட்டப், டூல், டூல் போற வழியான டூல்பாத், சிமுலேஷன், அத மிஷினுக்கு ஏத்த ஜி-கோடா மாத்தித் தார போஸ்ட்னு எல்லாத்துலயும் வரிசை அதேதான்.

இப்பம் ஜாப்புக்கு வருவோம். நான் சொல்லிக் கொடுக்கது ஒரு அலுமினியம் பிளேட்ல. முடிஞ்ச சைஸ் நீளம் 100, அகலம் 60, தடிப்பு 20, எல்லாம் மி.மீ.ல. நடுவுல 50க்கு 30ல ஒரு பாக்கெட், அதாவது குழி, ஆழம் 10, பாக்கெட் மூலைக்கு ஆர் 6, அதாவது மூலை வளைவோட ஆரம் 6. நாலு மூலைலயும் எம்6 டேப் ஹோல், அதாவது மரை போட்ட ஓட்ட. இந்த ஒரு பிளேட்ல ஃபேசிங், பாக்கெட், பினிஷ், டிரில், டேப் எல்லாம் வந்துருது. மூலைக்கு ஏன் ஆர் 6 வச்சேன்னா, 10 எண்டுமில்லோட, அதாவது பக்கத்துலயும் அடிலயும் வெட்டுத 10 மி.மீ. டூலோட, ஆரம் 5, மூலை அத விட கொஞ்சம் பெருசா இருந்தா டூல் மூலைல போயி நின்னு திரும்பாது, வளைஞ்சு போகும், சத்தமும் போடாது. டிராயிங்ல ஆர் 5ன்னு இருந்து நீங்களும் 10 எண்டுமில்ல எடுத்தீங்கன்னா மூலைல கிர்ருன்னு ஒரு சத்தம் வரும், சுவத்துல வரி வரியா கோடு விழும். இதெல்லாம் மாடல் போடும்போதே யோசிக்க வேண்டிய விஷயம்.

செட்டப்ங்க இடத்துலதான் நான் நெறைய நேரம் நிக்கச் சொல்லுவேன். சாப்ட்வேர்ல டூல்பாத் பட்டன அமுக்க எல்லாருக்கும் கை பரபரக்கும். பொறுங்க. கையில உள்ள கச்சா பிளேட்ட வெர்னியர்ல அளந்து பாருங்க, பேண்ட்சால அறுத்து வந்தது 104க்கு 64க்கு 22ன்னு இருக்கும், ஒரு பக்கம் சாஞ்சு கூட இருக்கும், அந்த அளவ அப்படியே ஸ்டாக்ல போடுங்க. பெறவு ஜீரோ எங்கன்னு முடிவு பண்ணுங்க. வைஸோட அசையாத ஜா பக்கம் ஒய் ஜீரோ, இடது பக்கம் ஸ்டாப்பர் வச்சு எக்ஸ் ஜீரோ, இப்படி வச்சா அடுத்த ஜாப்ப மாட்டும்போது ஓரத்தத் தேட திரும்ப எட்ஜ் ஃபைண்டர் புடிக்க வேண்டாம். இசட் ஜீரோவ பல பேரு கச்சா பிளேட்டோட மேல் மொகத்துல வைப்பாங்க. எனக்கு அது புடிக்காது. வைஸ்ல ஜாப் உக்காருத பேரலல் பட்டை மேல, அதாவது ஜாப்போட அடி மொகத்துல வைங்க. கச்சா தடிப்பு 22 இருந்தா என்ன 21.5 இருந்தா என்ன, முடிஞ்ச தடிப்பு 20 சரியா வந்துரும், ஆப்பரேட்டர் ஒவ்வொரு பிளேட்டுக்கும் டூல் தொட்டுப் பாக்க வேண்டியதில்ல. முக்கியமான விஷயம், சாப்ட்வேர்ல நீங்க வச்ச ஜீரோவும் மிஷின்ல ஜி54ங்க ஜாப் ஆஃப்செட்ல போட்ட ஜீரோவும் ஒரே புள்ளியா இருக்கணும். ரெண்டு பேரு வேல பாக்குத எடத்துல இத பேப்பர்ல படம் போட்டு மிஷின் கதவுல ஒட்டிருங்க. வாயால சொல்லி விட்டா ஷிப்ட் மாறுதப்போ காத்தோட போயிரும்.

டூல் லைப்ரரில சாப்ட்வேர் கொடுக்குத நூறு டூல நம்பாதீங்க, உங்க ஷாப்பு அலமாரில உண்மையா இருக்க டூல மட்டும் போட்டு ஒரு லைப்ரரி வச்சுக்கிடுங்க. 50 ஃபேஸ் மில், 10 கார்பைடு எண்டுமில் மூணு பல்லு, 5 டிரில், எம்6 டேப், இவ்வளவு போதும். டூல் ஹோல்டர விட்டு எவ்வளவு வெளிய நீட்டி இருக்குங்கத ஸ்கேல் வச்சு அளந்து போடுங்க, அது இல்லாம சிமுலேஷன்ல ஹோல்டர் இடிக்கது தெரியவே தெரியாது.

ஸ்பீடு ஃபீடு கணக்கு பாடத்துல படிச்சதுதான், ஆனா சாப்ட்வேர்ல போடும்போது கை நடுங்குது நெறைய பேருக்கு. கட்டிங் ஸ்பீட 1000ஆல பெருக்கி, பை இன்ட்டு டூல் டயாவால வகுக்கணும். அலுமினியத்துக்கு கார்பைடு டூல் நிமிஷத்துக்கு 150 மீட்டர்னு வச்சுக்கிட்டா, 10 டூலுக்கு 4775 ஆர்பிஎம் வருது. கார்பைடு இத விட நெறையவே தாங்கும், மொத தடவைக்கு இது போதும். ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. ஃபீடுன்னா 4775 பெருக்கல் 3 பெருக்கல் 0.05, நிமிஷத்துக்கு 716 மி.மீ. இதே எம்.எஸ்.ல, அதாவது சாதா இரும்புல, ஹெச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) டூல்னா 25 மீட்டர்தான், 10 டூலுக்கு 800 ஆர்பிஎம் கிட்டத்தான் வரும். இந்தக் கணக்க ஒவ்வொரு டூலுக்கும் நீங்களே ஒரு தடவ பேப்பர்ல போட்டுப் பாருங்க, சாப்ட்வேர் காட்டுதத அப்படியே ஓட்டாதீங்க, அதுக்கு உங்க மிஷின் எவ்வளவு பழசுன்னு தெரியாது.

டூல்பாத்துக்கு வந்தா, ஃபேசிங் ஒண்ணும் கஷ்டமில்ல. பாக்கெட்டுக்கு அடாப்டிவ் எடுங்க. சாதா பாக்கெட் பாத் என்ன செய்யும்னா, நேர்கோட்டுல அளவா வெட்டிட்டு மூலைக்கு வரும்போது ரெண்டு சுவத்தையும் சேத்துப் புடிச்சு டூல் மேல திடீர்னு லோடு ஏத்தும், அங்கதான் டூல் ஒடியும். அடாப்டிவ்ல டூல் பக்கவாட்டுல எவ்வளவு கடிக்குதுங்கது எல்லா எடத்துலயும் ஒண்ணுபோல இருக்கும். 10 டூலுக்கு பக்கவாட்டுல 1.5, ஆழம் 10ஐயும் ஒரே மட்டமா எறங்கலாம். மூடுன பாக்கெட்டுங்கதால டூல நேரா குத்தி எறக்காதீங்க, ஹெலிக்ஸ்ல சுத்தி சுத்தி எறக்குங்க. சுவத்துல 0.2, அடில 0.1 விட்டுட்டு பினிஷுக்கு தனி பாத் போடுங்க.

அந்த பினிஷ் பாத்ல ஒரு சின்ன செட்டிங் இருக்கு, காம்பன்சேஷன்ல வேர் (wear)-னு வைக்கணும். அப்பம் புரோகிராம்ல டூல் தேய்மானத்த ஈடுகட்டுத ஜி41 வரும், டி (D) ஆஃப்செட் ஜீரோவா வச்சு ஓட்டுவீங்க. ஓட்டி முடிச்சு பாக்கெட்ட அளந்தா 50க்கு 49.96 இருக்குன்னு வைங்க, ரெண்டு சுவத்துக்கும் பகுந்தா ஒரு பக்கம் 0.02 கம்மி. டி வேர்ல மைனஸ் 0.02 போட்டு பினிஷ் மட்டும் திரும்ப ஓட்டுனா டூல் சுவத்துக்கு இன்னும் 0.02 கிட்ட போகும், சைஸ் வந்துரும். சில மிஷின்ல டி-ய டயாவா எடுக்கும்படி செட் பண்ணி இருப்பாங்க, அத ஒரு தடவ கேட்டுக்கிடுங்க. இது தெரியாதவன் 0.04க்காக திரும்ப கம்ப்யூட்டருக்கு ஓடி மாடல மாத்துவான். டூல் சுவத்துக்கு வந்து சேருத லீட்-இன் மட்டும் கண்டிப்பா ஒரு நேர்கோட்டோட ஆரம்பிக்கணும், ஆர்க்ல ஜி41 ஆன் பண்ணுனா மிஷின் அலாரம் அடிச்சு நின்னுரும்.

டிரில்ல கவனிக்க வேண்டியது முனை. 118 டிகிரி 5 டிரில்லுக்கு முனை மட்டுமே 1.5 மி.மீ. நீளம். த்ரூ ஹோலுக்கு முனையத் தாண்டி எறங்கச் சொன்னா ஜாப்புக்கு அடில ரெண்டு மி.மீ. வெளிய வரும், அங்க பேரலல் இருந்தா பேரலல்லயும் ஓட்ட விழும். பேரலல எங்க வைக்கணும்னு ஹோல் பொசிஷன பாத்துட்டு வைங்க. டேப்புக்கு எம்6 பிட்ச் 1, 300 ஆர்பிஎம்னா ஃபீடும் 300, அது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மாறக் கூடாது.

சிமுலேஷன்ல வேகமா ஓட்டி பச்சையா வந்துருச்சுன்னு மூடாதீங்க. வைஸ் ஜாவையும் மாடலா போட்டு, டூல் எறங்குத எடத்தையும் ஒரு ஹோல்ல இருந்து அடுத்த ஹோலுக்கு தாண்டுத ஒயரத்தையும் பைய ஓட்டிப் பாருங்க.

பெறவு போஸ்ட். உங்க மிஷின் ஃபானுக்கா சீமென்ஸான்னு பாத்து அதுக்கு உள்ள போஸ்ட எடுக்கணும். வந்த புரோகிராம நோட்பேட்ல தொறந்து மொத பத்து வரிய வாசிங்க, இத யாரும் செய்யதே இல்ல. மேலயும் கீழயும் ஒரு சதவீதக் குறி நிக்கும், அது பேப்பர் டேப்ல புரோகிராம் ஓடுன காலத்துல இருந்து வாரது, 1952ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.ல காட்டுன மொதல் என்.சி மில்லிங் மிஷினே ஓட்ட போட்ட டேப்லதான் ஓடுச்சு. அதுக்குக் கீழ ஜி21, ஜி90, ஜி17 ஜி40 ஜி49 ஜி80 இருக்கா, ஜி54 இருக்கா, டி1 (T1, டூல் நம்பர்) எடுத்தா டூல் நீளத்துக்கான ஜி43 எச்1 வருதா, 10 எண்டுமில்லுக்கு எஸ்4775 எம்3 வருதான்னு பாருங்க. டூல் நம்பரும் எச் நம்பரும் வேற வேறயா இருந்தா அங்கயே நிறுத்திருங்க. கையால எதாவது திருத்துனா புள்ளிய விடாதீங்க, ஃபானுக் நெறைய மிஷின்ல எக்ஸ்50ன்னு புள்ளி இல்லாம அடிச்சா 50 மி.மீ. இல்ல, 0.05 மி.மீ.ன்னு எடுத்துக்கிடும்.

மிஷின்ல மொத ஓட்டம் காத்துல. ஜி54 இசட்ட 50 மி.மீ. மேல தூக்கி வச்சு முழுசா ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு பெறவு பழையபடி எறக்குங்க. நெசமா வெட்டும்போது சிங்கிள் பிளாக் ஆன், ரேப்பிட் 25 சதவீதம், ஒரு கை ஃபீட் ஹோல்ட் மேல. டூல் ஜாப்புக்கு ஒரு விரக்கடை மேல வந்ததும் ஹோல்ட் போட்டு, ஸ்கிரீன்ல டிஸ்டன்ஸ் டு கோ-ங்க எடத்த பாருங்க. இன்னும் இசட்ல 15 போகணும்னு காட்டுது, கண்ணுக்கு இடைவெளியும் 15 மாதிரி தெரியுது, ஸ்டார்ட் அமுக்கலாம். ஸ்கிரீன் 40 சொல்லுது கண்ணு 15 சொல்லுதுன்னா ஆஃப்செட் தப்பு, அங்க நிறுத்துனா டூலும் ஸ்பிண்டிலும் தப்பிச்சிரும். எவ்வளவு அனுபவம் வந்தாலும் புது புரோகிராமுக்கு இத விடாதீங்க தம்பி, ஒரு ஸ்பிண்டில் போச்சுன்னா சின்ன ஷாப்பு அண்ணாச்சி கடன் வாங்கித்தான் சரி பண்ணணும்.

மிஷினுக்கு எங்க போகன்னு கேப்பீங்க. படிக்கிற ஐடிஐல வி.எம்.சி மில்லிங் மிஷின் இருந்தா சாரு கிட்ட கேட்டு சாயங்காலம் நில்லுங்க, டாட்டா டெக்னாலஜீஸோட சேந்து தமிழ்நாட்டுல 71 அரசு ஐடிஐல புது மிஷின் போட்டுருக்காங்க, அதுல உங்க ஐடிஐ இருக்கான்னு பாருங்க. இல்லன்னா தெரிஞ்ச ஜாப் ஷாப்ல கேளுங்க, ஞாயித்துக்கிழம சும்மா நிக்குத மிஷின்ல, ஆப்பரேட்டர் கூட நின்னா, ஒரு பிளேட் வெட்டிப் பாக்க விடுத ஆளுங்க நம்ம ஊர்ல இருக்காங்க. அதுவரைக்கும் கேமோடிக்ஸ்னு ஃப்ரீயா கெடைக்குத சிமுலேட்டர்ல உங்க ஜி-கோட போட்டு ஓட்டிப் பழகுங்க.

மகேந்திரகிரில ராக்கெட் இன்ஜின் டெஸ்ட் பண்ணுத மாவட்டத்துல இருந்துக்கிட்டு எல்லாருக்கும் 5 ஆக்சிஸ் மிஷின் மேல ஆசை வரத்தான் செய்யும், வரணும். ஆனா அது இம்பெல்லர் மாதிரி வளைஞ்ச பிளேடு உள்ள ஜாப்புக்கு வேணும், அத பெறவு பாத்துக்கிடலாம். இந்த பிளேட் சைஸ் வந்ததும் அதையே கவுத்துப் போட்டு அடிப் பக்கத்துக்கு ரெண்டாவது செட்டப் பண்ணுங்க, ஜீரோ எங்க வைக்கணும்னு அங்க திரும்ப யோசிக்க வேண்டி வரும், பாக்கெட் மேல பிளேட் எப்படி உக்காரும், எங்க இறுக்கிப் புடிச்சா வளையாதுன்னும் யோசிக்க வேண்டி வரும். அது முடிஞ்சதும் ஷாப்புல வந்து கெடக்குத எதாவது ஒரு நெச ஜாப்ப, ஒரு பேரிங் ஹவுசிங்கோ மில் ஸ்பேரோ, டிராயிங்க வாங்கி இதே வரிசைல செஞ்சு பாருங்க.