பதினெட்டாயிரம் சொன்ன கியர் பாக்ஸ் வேலை

என் மாருதி ஆம்னி வேன் 2007 மாடல். கேட்டரிங் சாப்பாடு ஏற்றத்தான் வைத்திருக்கிறேன். போன மாதம் கோடம்பாக்கம் பாலத்து ஏற்றத்தில் ஆஃப் ஆகி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் முதல் கியர் விழவே இல்லை. உள்ளே இரண்டு அண்டா சாம்பார், பின்னால் ஒரு மாநகரப் பேருந்து. எப்படியோ அடித்துப் போட்டு மண்டபம் போய்ச் சேர்ந்தேன். அங்கே ரிவர்ஸ் போட்டபோது வந்த 'கர்ர்ர்' சத்தத்தில் பந்தி பரிமாறுகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

வழக்கமாகப் போகும் மெக்கானிக் தெருமுனை வரை ஓட்டிவிட்டு இறங்கினார். "பாக்ஸ் போச்சு சார். இறக்கணும், பதினெட்டு ஆகும்." இத்தனைக்கும் அவர்தான் மூன்று மாதத்தில் இரண்டு முறை கிளட்சை டைட் வைத்துக் கொடுத்தவர். புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் வாங்கி வந்தால் செலவு குறையும் என்று யோசனையும் சொன்னார்.

போனேன். அரை நாள் அலைச்சல். ஒரு கடையில் பாக்ஸ் எடுத்துப் போட்டார்கள். அடியில் கறுப்பாக ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. "உள்ளே எப்படி பாய்?" என்றேன். "மாட்டினாத்தான் தெரியும். திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார். குறைந்தபட்சம் நேர்மையான பதில். சட்டையில் ஆயில் கறையோடு வெறுங்கையாகத் திரும்பினேன்.

அப்புறம் டீக்கடை நண்பர் சொல்லி அம்பத்தூர் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டியை ஓட்டவே இல்லை. "தம்பி, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுக் கியர் போடு." நாலு கியரும் ரிவர்ஸும் வழுக்கிக்கொண்டு விழுந்தன. ஸ்டார்ட் செய்து போட்டால் மறுபடி முரண்டு. "ஆஃப்ல விழுது, ஓடுறப்ப விழலைன்னா, பெடலை மிதிச்சாலும் கிளட்ச் இன்ஜினையும் பாக்ஸையும் சரியா பிரிக்கலைன்னு அர்த்தம். பாக்ஸை ஏன் திட்டுறே?"

பிறகு இன்ஜின் ஓடும்போது நியூட்ரலில் வைத்துக் கிளட்ச் பெடலை அழுத்தி விடச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். பெடலை விட்டிருக்கும்போது இரைச்சல் இருந்து, அழுத்தினால் அடங்கினால் பெரும்பாலும் பாக்ஸுக்குள் இருக்கும் இன்புட் ஷாஃப்ட் பேரிங். அழுத்தும்போது மட்டும் கத்தினால் கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங். என் வண்டியில் இரண்டும் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் மெல்லக் கிளட்சை விட்டதும் இன்ஜின் இருமி நின்றது. ஆஃப் ஆகாமல் உறுமிக்கொண்டே இருந்திருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தமாம். ஆக, பிளேட்டும் தப்பித்தது.

கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்தவர், என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கிளட்ச் கேபிளின் முனையில் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, பழைய துடைப்பம் மாதிரி விரிந்து நின்றன. நாலைந்து இழைதான் பாக்கி. டைட் வைக்கும் நட் மரையின் கடைசிக்கே வந்துவிட்டிருந்தது. இரண்டு முறை அதைத் திருகியவர் கண்ணுக்கு இந்தத் துடைப்பம் தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் வண்டியிலும் கிளட்ச் அடிக்கடி லூஸ் ஆனால், டைட் வைக்கச் சொல்லாதீர்கள். கேபிளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கேபிளும் கூலியும் சேர்த்து 850 ரூபாய். முக்கால் மணி நேரம்.

கியர் ஆயிலையும் மாற்றிவிடலாம் என்றேன். வண்டிக்குச் சொன்ன கிரேடைப் பார்த்து வாங்கச் சொன்னார். ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால், சில ஆயில்களில் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்கை (கியர் விழும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் வளையம்) அரித்துவிடுமாம். வடித்த ஆயிலை விரலில் தேய்த்து வெயிலில் காட்டினார். லேசாகப் பொன் தூள் மினுக்கியது. "ரெண்டாவது கியர் ரிங் தேஞ்சிருக்கு. இப்போதைக்கு ஓட்டு" என்றார். உண்மைதான், காலையில் முதல் பத்து நிமிடம் இரண்டாவது கியர் கொஞ்சம் முனகுகிறது. அவசரப்படாமல், நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்திப் போட்டால் விழுந்துவிடுகிறது.

நேற்று பழைய மெக்கானிக் கடை வழியாகத்தான் வந்தேன். "பாக்ஸ் வாங்கிட்டீங்களா சார்?" என்றார். நிறுத்தி, அவர் கண்ணெதிரே சத்தமில்லாமல் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பி வந்தேன்.