வெள்ளெழுத்துக்காரன் வாங்கிய கேமரா

எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேமரா அப்பாவின் யாஷிகா எலக்ட்ரோ 35. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் பீரோவை விட்டு வெளியே வரும். கண்ணில் வைத்துப் பார்த்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் ஆச்சிக்கு இரண்டு மூக்கு. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். "மூக்கு சேந்தா அமுக்கு." அப்பா எனக்குச் சொல்லித் தந்த புகைப்படப் பாடம் அவ்வளவுதான்.

அந்த யாஷிகாவின் லென்ஸை எப்போதோ பூஞ்சை தின்றுவிட்டது. எங்கள் ஊரில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, இடையில் கடற்காற்று. தோல் செருப்பே பச்சை பிடிக்கும், கண்ணாடி எம்மாத்திரம்?

எனக்கு இப்போது 49 வயது. தக்கலையில் எலெக்ட்ரிகல் கடை. ஞாயிறு காலை மட்டும் கடையைத் திறக்காமல் குளச்சலுக்கோ முட்டத்துக்கோ கேமராவோடு போய்விடுவேன். பழைய பெரிய கேமரா போன வருடம் மூச்சை விட்டதும், வேறு வாங்க வேண்டிய நிலை. ஒரே வாரத்தில் இரண்டு வழி திறந்தது.

ஒன்று, மஸ்கட்டில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த பக்கத்துத் தெரு அண்ணன் வைத்திருந்த லைகா எம்8. கூடவே ஒரு 35 மிமீ லென்ஸ். "மக்கா, இது இனி கெடைக்காத சாதனம், கேட்டியா. ஒனக்குங்கதுனால குடுக்கேன்" என்றார். இன்னொன்று, பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகன் விற்க நினைத்த ரிக்கோ ஜிஆர் 3. இருவரும் கேட்ட விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டையும் மூன்று வாரம் வாங்கி வைத்துக்கொண்டேன். இப்படிக் கேட்டதும் கொடுக்க ஆள் இருப்பது சொந்த ஊரில் கடை வைத்திருப்பதன் லாபம்.

காகிதத்தில் பார்த்தால் இது போட்டியே இல்லை. எம்8 வந்தது 2006-ல். எம் வரிசையில் லைகாவின் முதல் டிஜிட்டல். அதற்கு முன்னால் 2004-ல் எப்சன் ஆர்-டி1 வந்திருந்தது, டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்களுக்கு (அப்பாவின் யாஷிகா மாதிரி மூக்கு சேர்த்து தெளிவு பார்க்கும் ரகம்) அதுதான் தொடக்கம். எம்8-ல் 10 மெகாபிக்ஸல். 2019-ல் வந்த ஜிஆர் 3-ல் 24. எம்8-ல் மெமரி கார்டை எடுக்கவே அடியில் உள்ள தகட்டைக் கழற்ற வேண்டும். ஜிஆர் 3 பேட்டரியோடு சேர்த்து 257 கிராம், சட்டைப் பைக்குள் போய்விடும். மருமகனும் அதைத்தான் சொன்னான்: "மாமா, அது வந்தப்ப நான் மூணாங்கிளாஸ் படிச்சிட்டு இருந்தேன்."

ஆனால் எம்8-ஐக் கண்ணில் வைத்ததும் ஆச்சியின் மூக்கு ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் காகிதத்தை யார் பார்ப்பது?

டிசம்பரில் கன்னியாகுமரிக்குப் போனேன். ஐயப்ப சாமிமார் கூட்டம் கூட்டமாக வரும் காலம். முக்கடல் சங்கமத்தில் நிற்கும் குளியல் கூட்டம், படகுக்கான வரிசை, எல்லாவற்றையும் எம்8-ல் எடுத்தேன். வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டதும் மகள் சிரித்தாள். "அப்பா, இந்த வருஷம் சாமிமாருக்கு யூனிஃபார்ம் மாத்தியாச்சா?" கறுப்பு வேட்டிகளில் பாதி கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. பருத்தி ஒழுங்காகக் கறுப்பாகவே இருந்தது. செயற்கை இழை கலந்தவைதான் மாறியிருந்தன.

இது எம்8 பற்றி ஊரறிந்த விஷயம். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள், படத்தைப் பதியும் சென்சாருக்கு மிக அருகில் உட்காரும். ஓரங்களில் ஒளி சாய்வாக வந்து விழும். சென்சாருக்கு முன்னால் தடித்த கண்ணாடி வைத்தால் ஓரம் கலங்கும் என்று மெல்லியதாக வைத்தார்கள். அதனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி உள்ளே நுழைந்துவிடுகிறது. சில கறுப்புத் துணிகள் அந்த ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், படத்தில் ஊதா ஆகிவிடும். லென்ஸுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் மாட்டினால் சரியாகிவிடும். அந்தக் காலத்தில் வாங்கியவர்களுக்கு நிறுவனமே இரண்டு ஃபில்டர் இலவசமாகக் கொடுத்தது. அண்ணனிடம் கேட்டேன். "அது எங்கயாவது கெடக்கும்" என்றார். கிடக்கவில்லை.

அதே படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். எல்லாம் வேறு மாதிரி ஆகிவிட்டது. தோலில் ஒரு மென்மை, துணிகளில் ஒரு மினுக்கம். ஊதா வேட்டிப் பிரச்சினை போன இடம் தெரியவில்லை. அன்றிரவு எம்8-தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுவாரம் பத்மநாபபுரம் அரண்மனை. கடையில் இருந்து கூப்பிடு தூரம். தாய்க்கொட்டாரத்தின் உள்ளே பகலிலும் பாதி இருட்டு. கறுப்பாகப் பளபளக்கும் தரையில் ஜன்னல் வெளிச்சம் மட்டும் நீளமாகக் கிடக்கும். எம்8-ல் வெளிச்ச உணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ 640-ஐத் தாண்டினால் எனக்குப் படம் பிடிக்கவில்லை, தாண்டாவிட்டால் கை நடுக்கம். ஜிஆர் 3-ல் அசைவைத் தாங்கும் வசதி சென்சாரிலேயே இருக்கிறது. ஐஎஸ்ஓ 3200-லும் மரத்தூணின் செதுக்கல் தெரிந்தது. இங்கே வாதாட ஒன்றும் இல்லை.

சரி, அப்படியானால் ஜிஆர் 3-தானே? அங்கேதான் என் வெள்ளெழுத்து குறுக்கே வந்தது.

ஜிஆர் 3-ல் கண் வைத்துப் பார்க்கும் துவாரமே கிடையாது. பின்பக்கத் திரைதான் எல்லாம். குளச்சல் கரையில் காலை எட்டு மணி வெயிலில் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள், நடுவில் வலை. கேமராவை நீட்டுகிறேன், திரையில் என் சட்டையின் நிழல்தான் தெரிகிறது. படிக்கிற கண்ணாடி போடாமல் அந்த நிழலும் தெளிவில்லை. கண்ணாடியைப் போட்டால் கரமடி மங்கல், கழற்றினால் திரை மங்கல். போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி... வலை கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. எடுத்த படங்களில் கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒழுகியது. ஒரு அக்கா மீன் கூடையை இறக்கிவிட்டு, "என்ன தம்பி, கண்ணுல மண்ணு விழுந்துட்டா?" என்று கேட்டார்.

எம்8-ல் இந்தத் தொல்லை இல்லை. அதன் துவாரத்தில் தெரியும் காட்சி ஏறக்குறைய 2 மீட்டர் தூரத்தில் உள்ளதைப் பார்ப்பது போலத்தான். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அந்தத் தூரம் சுகம். அதைவிட முக்கியம், படத்தின் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கோடுகளுக்கு வெளியே நடப்பதும் தெரியும். வலைக்கயிற்றைப் பிடிக்க ஓடி வருகிற பையன் கோட்டுக்குள் நுழையும் முன்பே அவன் வருவது எனக்குத் தெரிந்துவிடும். எந்தத் திரையிலும் இது கிடைக்காது.

எம்8-ஐ விட்டது முட்டத்தில்தான். தூரத்தில் இருக்கும் கலங்கரை விளக்கத்தைப் பார்த்து லென்ஸை முடிவிலிக்குத் திருப்பினேன். நடுக்கட்டத்தில் இரண்டு கலங்கரை விளக்கங்கள், ஒன்று சேரவே இல்லை. எந்தப் பயணத்திலோ தட்டு வாங்கி உள்ளே அளவு தப்பியிருக்கிறது. அளவு தப்பிய ரேஞ்ச்ஃபைண்டர், கல் தப்பிய தராசு மாதிரி. பார்க்க அழகாக இருக்கும், காட்டுவது பொய். இதைச் சரி செய்ய நாகர்கோவிலில் ஆள் இல்லை, திருவனந்தபுரத்திலும் விசாரித்துப் பார்த்தேன், இல்லை. மின்விசிறிக்கு வைண்டிங் செய்யவே ஆள் கிடைக்காத காலத்தில் இதற்கு யார் கிடைப்பார்?

கடையில் உட்கார்ந்து ஸ்விட்ச் எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் யோசனை வந்தது. எனக்குப் பிடித்தது இரண்டு மூக்கு சேர்வது அல்ல, கோட்டுக்கு வெளியே தெரிவது. அது தனியாகவே கிடைக்கிறதே! கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் செருகிக்கொள்ள ஜிஆர் 3-ன் லென்ஸ் பார்க்கும் அகலத்துக்கான (28 மிமீ) கண்ணாடித் துவாரம் ஒன்று ஜிஆருக்கென்றே வருகிறது. உள்ளே வெள்ளைக் கோடுகளும் உண்டு. ஜிஆர் 3-ல் ஸ்னாப் ஃபோகஸ் என்று ஒன்று இருக்கிறது. தூரத்தை 2.5 மீட்டர் என்று வைத்து, லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி விட்டால், ஒன்றே கால் மீட்டரில் இருந்து தொடுவானம் வரை தெளிவாக விழும். திரையை அணைத்துவிடலாம். கண்ணாடியும் வேண்டாம், மூக்கும் சேர வேண்டாம்.

அப்படித்தான் முடிந்தது. மருமகனுக்குப் பணம் அனுப்பினேன். பேட்டரி 200 படத்துக்கு மேல் தாங்காது, அதனால் பையில் எப்போதும் இரண்டு. வெளியே நீண்டு சுருங்கும் லென்ஸ் என்பதால் மணல் பறக்கும் ஆடிக் காற்றில் கொண்டு போவதில்லை. வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு தூங்குகிறது.

அண்ணன் இன்னும் எம்8-ஐ யாருக்கும் விற்கவில்லை. வாரத்துக்கு ஒரு முறை பல்பு வாங்கவோ சும்மாவோ கடைக்கு வருவார். போகும்போது வாசலில் நின்று, "மக்கா, அது அங்கனயேதான் இருக்கு, கேட்டியா" என்பார். நான் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "அடுத்த மண்டல சீசனுக்கு ஒரு வாரம் தாருங்கண்ணே" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.