ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்துவிடுமா?

2015-இல் ஊர்த் திருவிழாவில் நடந்த கைகலப்பில் என் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறியது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1): ஆபாச வசை, காயப்படுத்தல், மிரட்டல். எந்த அடிதடிக்கும் ஸ்டேஷனில் அந்தக் காலத்தில் வழக்கமாகப் போட்ட பிரிவுகள்தான். அப்போது நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன்.

ஏழெட்டு வாய்தா அலைந்த பிறகு கோர்ட் வராந்தாவில் ஒருவர், "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடு தம்பி, கேஸ் முடிஞ்சிரும்" என்றார். ஒத்துக்கொண்டேன். 1,000 ரூபாய் அபராதம், கோர்ட் கலையும்வரை காவல். சாயங்காலம்வரை பின் பெஞ்சில் உட்கார்ந்து மற்ற வழக்குகளை வேடிக்கை பார்த்தேன். சட்டம் படிக்கும் ஆசையே அங்கேதான் முளைத்தது. அப்படி உட்கார்ந்திருந்ததும் சிறைத்தண்டனைதான் என்று யாரும் சொல்லவில்லை.

2024-இல் பி.எல். முடித்து, பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்யும் என்ரோல்மென்ட் விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் அந்த வழக்கு மறுபடி முன்னால் வந்து நின்றது. குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா? "எட்டு வருஷம் ஆச்சு, எவன் தோண்டப் போறான், இல்லைன்னு போடு" என்றான் நண்பன். சீனியரிடம் கேட்டேன். அவர் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவை எடுத்து நீட்டினார்: முக்கியமான விஷயத்தை மறைத்துப் பதிவு செய்தால், பிறகு எப்போது வேண்டுமானாலும் பெயரை நீக்கலாம். அப்புறம் 24ஏ. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டனை பெற்றவரைப் பதிவு செய்யக் கூடாது. ஆனால் விடுதலையாகி இரண்டு வருஷம் கழிந்தால் அந்தத் தடை போய்விடும். 1958-ஆம் வருஷத்து குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ், அதாவது சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தை உறுதியின் பேரிலோ விட்டிருந்தால் தடையே கிடையாது. வராந்தாவில் அதைச் சொல்ல ஆள் இல்லை.

என் வழக்கு ஒழுக்கக்கேட்டில் வருமா என்பது அடுத்த கேள்வி. 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஹரியானா அரசு ஊழியர் ஒருவர் 294-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 20 ரூபாய் கட்டியிருந்தார். அதற்காக வேலையே போனது. அந்தத் தண்டனையை மட்டும் வைத்து ஒழுக்கக்கேடு என்று சொல்லிவிட முடியாது என்றது கோர்ட். 2,000 ரூபாய் வரையிலான அபராதங்களைத் தண்டனையாகவே கருதாதபடி சட்டம் வர வேண்டும் என்றும் நாடாளுமன்றத்திடம் கேட்டுக்கொண்டது. படித்துவிட்டு அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

உண்மையான அலைச்சல் காகிதத்தில்தான். தீர்ப்பு நகலுக்கு மனுப் போட்டு மூன்று வாரம் கழித்து வந்த தாள் அரைப் பக்கம்கூட இல்லை. கீழே அபராத ரசீது எண். நல்லவேளை அதை வாங்கினேன். போலீஸ் சரிபார்ப்பில் ஸ்டேஷன் பதிவேடு என் வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பதாகச் சொன்னது! முடிந்த வழக்கை யாரும் முடித்து எழுதவில்லை. நகலைக் காட்டி, இரண்டு நாள் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் காத்திருந்து திருத்தி வாங்கினேன்.

விண்ணப்பத்தில் 'ஆம்' என்று எழுதி, நடந்ததை ஒரு பக்கத்தில் சொல்லி, நகலை இணைத்தேன். பார் கவுன்சிலில் நேரில் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்கள்: "அப்புறம் வேறு ஏதாவது கேஸ் உண்டா?" இல்லை என்றேன். பேட்ச்மேட்டுகள் அங்கி போட்டு இரண்டு மாதம் கழித்து என் முறை வந்தது. அகில இந்திய பார் தேர்வு இன்னும் பாக்கி.