தீபாவளியன்று வந்த நோயாளிகள்: தேதிக் குழப்பத்தைச் சரிசெய்த அனுபவம்

திருவொற்றியூரில் உள்ள ஒரு சிறிய மருத்துவமனையின் வெளிநோயாளிப் பதிவுகளை, மணலி, கொடுங்கையூர் காற்றுத் தர நிலையங்களின் அளவீடுகளோடு நாள்வாரியாக இணைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் குடியிருப்போர் குழுவின் நெடுநாள் விருப்பம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம், எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய், 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி அமோனியாக் கசிவு என்று ஒரே மாதத்தில் மூன்று அடி விழுந்தது. மூச்சுத் திணறலோடும் கண் எரிச்சலோடும் வந்தவர்கள் அந்த நாட்களில் எவ்வளவு கூடினார்கள் என்று அதிகாரிகளிடம் சொல்ல, கையில் கணக்கு வேண்டும். இணைக்கும் வேலை என்னிடம் வந்தது.

முதலில் வந்த வரைபடத்தில் உச்சம் 2023 நவம்பர் 12. தீபாவளி! பட்டாசுப் புகை, நுண்துகள், மூச்சுத் திணறல் என்று காரணம் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. குழுவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பதிவேடு எழுதும் செவிலியர் அக்கா மட்டும் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் கதவையே திறக்கவில்லையே" என்றார்.

பூட்டியிருந்த மருத்துவமனைக்கு வந்த அந்த நோயாளிகள் யார் என்று தேடினேன். அவர்கள் அத்தனை பேரும் டிசம்பர் 11 அன்று வந்தவர்கள். கோப்பில் 11/12/2023 என்று இருந்ததை எக்செல் நவம்பர் 12 என்று படித்திருந்தது. குழுவின் மடிக்கணினி, அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருந்தது. அந்த அமைப்பில் மாதம்தான் முதலில் வரும். மருத்துவமனை தந்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறந்த அந்தக் கணத்திலேயே, எதுவும் கேட்காமல், தேதிகள் மாறிவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது, எல்லாத் தேதியும் மாறவில்லை என்பது. 26/12/2023 என்பதில் 26ஆம் மாதம் என்று ஒன்று கிடையாது. எனவே எக்செல் அதை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. எழுத்தாக நின்ற தேதி காற்றுத் தரக் கோப்பின் எந்த நாளோடும் பொருந்தவில்லை. அமோனியாக் கசிவு நாளும் மறுநாளும் இணைப்பிலிருந்தே விழுந்துவிட்டன. விழுந்தவற்றையாவது காலி இடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். என்னைப் பயமுறுத்தியது, 12க்கு உட்பட்ட நாட்கள். அவை முழுச் சுத்தமாகப் பொருந்தியிருந்தன, வேறு ஒரு நாளோடு. வெள்ளத்தில் மருத்துவமனை மூடிக்கிடந்த டிசம்பர் 4 அன்று, ஏப்ரல் 12இல் சளி, இருமலுக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். எங்கள் வட்டாரமே தவித்த நாட்கள் தாளில் சாதாரண நாட்களாகத் தெரிந்தன. இதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் எங்கள் கணக்கே எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கும்.

இந்தத் தேதிக் கோளாறைக் கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு. எக்செலின் கட்டத்தில், அதாவது செல்லில், நீங்களாக இட, வல ஒழுங்கு எதுவும் வைக்காதபோது, உண்மையான தேதி வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். செல்லின் வடிவத்தை 'ஜெனரல்' என்று மாற்றினால் தேதிக்குப் பின்னால் எக்செல் சேமித்து வைத்திருக்கும் நாள் எண் தெரியும். 2023 ஏப்ரல் 12 என்றால் 45028 வர வேண்டும். எனக்கு வந்தது 45264, அதாவது டிசம்பர் 4.

கெட்டுப்போன கோப்பில் நாளையும் மாதத்தையும் திருப்பிப் போடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். நான் மறுத்தேன். இடையில் யாராவது சில செல்களைக் கையால் திருத்தியிருந்தால், சரியானதும் திரும்பிவிடும். மருத்துவமனை தந்த மூலக் கோப்பையே மீண்டும் எடுத்தேன். விண்டோஸில் வட்டார அமைப்பை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றினேன். கோப்பைச் சொடுக்கித் திறக்காமல், எக்செலின் 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து, தேதி நெடுவரிசையை முதலில் எழுத்தாகவே வைத்து, பிறகு 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' மூலம் நாள், மாதம், வருடம் என்ற வரிசையை நானே சொல்லி மாற்றினேன். பழைய மாதங்களில் ஊழியர்கள் நம் ஊர் வழக்கப்படி 7.9.23 என்று புள்ளி வைத்திருந்தார்கள். அவற்றை முன்னதாகவே சாய்கோடாக்கிக்கொண்டேன். பிறந்த தேதியில் இரண்டு இலக்க வருடம் தனித் தொல்லை. 00 முதல் 29 வரை உள்ளதை எக்செல் வழக்கமாக 2000 முதலான வருடமாகவே எடுத்துக்கொள்ளும். 1928இல் பிறந்த பாட்டி இன்னும் பிறக்கவே இல்லை என்றாகிவிடுவார்.

குழுவில் பைத்தான் தெரிந்த தம்பி ஒருவர் பாண்டாஸ் என்ற பைத்தான் தரவு நிரல்தொகுப்பில் தனியாகச் செய்து ஒப்பிட்டார். அங்கேயும் நாள்தான் முதலில் என்று குறிப்புக் கொடுத்தால் மட்டும் போதாது. அது கட்டாய விதி அல்ல. முழு வடிவத்தையும் எழுதிக் கொடுத்து, பொருந்தாத வரிகளைப் பிழையாக நிறுத்தச் செய்வதே பாதுகாப்பு.

காற்றுத் தரக் கோப்பிலும் ஒரு கண்ணி இருந்தது. ஒவ்வொரு வரியிலும் தொடக்க நேரம், முடிவு நேரம் என்று இரண்டு தேதிகள். 26ஆம் தேதியின் நாள் சராசரிக்கு முடிவு நேரம் 27ஆம் தேதி 00:00. முடிவை வைத்து இணைத்தால் எல்லாமே ஒரு நாள் தள்ளிப்போகும். கசிவு நள்ளிரவை ஒட்டி நடந்தது, மக்கள் காலையில்தான் வந்தார்கள் என்பதால், கசிவும் நோயாளிகளின் வருகையும் ஒரே நாளில் நடந்ததுபோல, அந்தத் தவறு மிகப் பொருத்தமாகக்கூடத் தோன்றும். தொடக்க நேரத்தையே பிடித்துக்கொண்டேன்.

கடைசிச் சோதனை ஞாயிற்றுக்கிழமை. 'வீக்டே' செயல்பாட்டால் கிழமை போட்டு, ஞாயிறுகளை மட்டும் வடிகட்டினேன். ஒரு நோயாளிகூட இல்லை. நவம்பர் 12 காலியாக இருந்தது. டிசம்பர் இரண்டாம் வாரமும் 27ஆம் தேதியும் தங்கள் இடத்துக்குத் திரும்பியிருந்தன.

இனி வரும் கோப்புகளில் 2023-12-11 என்று வருடத்தை முதலில் வைத்துத் தரும்படி மருத்துவமனையில் கேட்டிருக்கிறோம். தேதி எழுதுவதற்கென 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரநிலையின் வடிவம் அது. எந்த நாட்டு அமைப்பிலும் நாளும் மாதமும் இடம் மாறாது. கணினியில் அப்படியே செய்துவிடலாம் என்று அக்கா ஒப்புக்கொண்டார். கைப்பதிவேட்டில் மட்டும் மாதத்தை எழுத்தில், 'டிச' என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்.