யாருக்குப் போகிறது?

மார்ச் 2, 2025, ஞாயிறு

வாரம் முழுக்க இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். வந்தபின் என்ன செய்வதென்று தெரியவில்லை. துணிகளை மடித்து வைத்தேன். கைப்பேசியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். மாலையில் நெஞ்சு கனத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, கடன் தொல்லை இல்லை, யாரோடும் மனஸ்தாபமும் இல்லை. குறைப்பட்டுக்கொள்ள ஒரு காரணம்கூடக் கிடைக்காததுதான் எரிச்சல்.

நாஜி வதைமுகாம்களிலிருந்து 1945-இல் உயிரோடு மீண்ட வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், இந்த ஞாயிற்றுக்கிழமைச் சோர்வைப் பற்றி எழுதியிருக்கிறார். வாரத்தின் ஓட்டம் நின்றதும் உள்ளே இருந்த வெறுமை தெரிய ஆரம்பிக்கிறது என்கிறார். "லீவு போட்டு ஓய்வெடு, சரியாகிவிடும்" என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். எனக்கு வருவதே லீவில்தான்.

மார்ச் 4, செவ்வாய்

ஒரு கூட்டம். அதில் பேசியதைப் பற்றிப் பேச இன்னொரு கூட்டம்.

மார்ச் 6, வியாழன்

மாதக் கடைசியில் நான் தயாரிக்கும் அறிக்கை, அலுவலகத்தின் பொதுக் கோப்புறைக்குப் போய்ச் சேரும். யார் யார் திறந்து பார்த்தார்கள் என்பதும் அங்கே பதிவாகும். பழைய கணக்கு ஒன்றைத் தேடிப் போன இடத்தில், இன்று அந்தப் பதிவையும் பார்த்தேன். பிப்ரவரி: என் பெயர். ஜனவரி: என் பெயர். டிசம்பர்: அதுவும் நான்தான். நவம்பரில் மட்டும் வேறொரு பெயர் இருந்தது. அவரிடமே கேட்டேன். கை தவறித் திறந்துவிட்டாராம்.

தசமப் புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி அடுக்கியிருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

மார்ச் 8, சனி

பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் சொன்ன குண்டூசித் தொழிற்சாலை நினைவுக்கு வந்தது. குண்டூசி செய்யும் வேலையை ஏறக்குறைய 18 தனித்தனிச் செயல்களாகப் பிரித்துக்கொண்டால், பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் 48,000 குண்டூசிகள் செய்யலாம் என்று 1776-இல் வெளியான 'நாடுகளின் செல்வம்' நூலில் எழுதினார். பொருளாதாரப் பாடத்தில் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். வாழ்நாள் முழுதும் ஓரிரு எளிய செயல்களையே திரும்பத் திரும்பச் செய்பவனின் அறிவு மழுங்கிப்போகும் என்று அதே நூலின் பிற்பகுதியில் அவரே எச்சரித்ததை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆனாலும் அந்தத் தொழிலாளி சாயங்காலம் குண்டூசிக் குவியலைக் கண்ணால் பார்த்திருப்பான். யாரோ ஒருவர் அதைத் துணியில் குத்துவார் என்பதும் அவனுக்குத் தெரியும். எனக்கு அந்தக் குவியல்கூட இல்லை.

"உன் ஆர்வம் எதுவென்று கண்டுபிடி" என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறார்கள். தொலைந்த சாவியைச் சட்டைப்பையில் துழாவுவதுபோல எனக்குள்ளேயே தேடச் சொல்கிறார்கள். எனக்குள் ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. நான் செய்வது எந்தக் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான் தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மேலாளரிடம் கேட்டேவிட்டேன்.

"சார், இந்த மாதாந்திர அறிக்கை யாருக்குப் போகிறது?"

"மேலே போகிறது."

"மேலே யாருக்கு?"

"எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே போய்க்கொண்டிருக்கிறது."

"ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாமா?"

"ஐயோ, வேண்டாம். யாராவது கேட்டுவிடப் போகிறார்கள்."

நல்ல மனிதர். சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

ஓய்வுபெறப் போகும் ஒருவரின் பணிக்காலக் கணக்கில் ஓராண்டு இடிக்கிறது என்று இன்னொரு பிரிவிலிருந்து கேட்டார்கள். பழைய பதிவேட்டில் தேடினேன், கிடைத்தது. சற்று நேரத்தில் அந்தப் பெரியவரே வந்து நின்றார். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த தன் பழைய கையெழுத்தைப் பார்த்து, "அப்போது எவ்வளவு நிதானமாகப் போட்டிருக்கிறேன், பாருங்கள்" என்றார்.

இதனால் என் வாழ்க்கைக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது என்று எழுதினால் பொய். ஆனால் மதியம் கைப்பேசி ஞாபகமே வரவில்லை.

இந்த மாத அறிக்கையை நான் அனுப்பப் போவதில்லை. யாராவது கேட்கட்டும். முதலில் அவர் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு அனுப்புகிறேன்.