சிவப்புக்காது ஆமைக்கு முற்றத்தில் ஒரு தொட்டி

அக்காவின் மகன் கொழும்பிலிருந்து வாங்கிவந்த சிவப்புக்காது ஆமைக்குஞ்சின் ஓடு, சில மாதங்களில், ஓரத்தை நகத்தால் அழுத்தினால் உள்வாங்கும் அளவுக்கு மென்மையாகிவிட்டது. கண்ணாடித் தொட்டியும் உருண்டைத் தீனும் போதும் என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பியிருந்தோம்.

மிருக வைத்திய அலுவலகத்தில், மாடு, ஆடு, நாய்க்குத்தான் பதிவு, ஆமைக்கு இல்லை என்று எழுதுவினைஞர் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் மீண்டும் போய், வைத்தியர் வெளியே வரும்வரை வாசலிலேயே நின்றேன். ஓட்டைத் தொட்டுப் பார்த்த உடனேயே, கல்சியமும், வெயிலின் புற ஊதாக் கதிரால் உடலில் உண்டாகும் விற்றமின் டி3யும் குறைந்ததே காரணம் என்றார். அந்த இரண்டு நிமிடத்துக்காக இரண்டு நாள் அலைந்ததை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

அடுத்த பயணம் விளக்குக்காக. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வாங்கிவந்த விளக்கு, வெப்பம் மட்டுமே தரக்கூடியது என்பது வீட்டில் பெட்டியை வாசித்தபோதுதான் தெரிந்தது. பிரித்த பொருளை மாற்றித் தர முடியாது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். விற்றமின் டி3 உண்டாக உதவும் புற ஊதாக் கதிரைக் குறிக்கும் 'யூவீபீ' (UVB) என்று எழுதியிருக்கிறதா என்பதைக் கடையிலேயே பாருங்கள். அத்தகைய விளக்கும், வெளிச்சம் குறையாமலேயே, 6 முதல் 12 மாதங்களில் அக்கதிரின் வலுவை இழந்துவிடும்.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முற்றம் நிறைய வெயிலை வைத்துக்கொண்டு விளக்குக்கு அலைந்தது, வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஆனால் யன்னலோர வெயில் உதவாது, ஏனெனில் கண்ணாடி அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கண்ணாடித் தொட்டியை நேர் வெயிலில் வைத்தாலோ, நீர் சூடேறி ஆமை இறந்துவிடும். ஆகவே 5 அடி நீளம், 3 அடி அகலத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி, பாதிக்குக் கிடுகு வேய்ந்து, ஏறி வெயில் காய ஒரு மரக்குற்றியைச் சாய்த்து, காகமும் பூனையும் எட்டாதபடி மீன்வலையால் மூடினேன்.

கட்டி முடித்ததும் ஆமையை விட்டுவிடாதீர்கள். புதுச் சீமெந்தின் காரம் நீரில் இறங்கும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, நீரை மாற்றி மாற்றி ஊற்றியதில் மூன்று வாரம் கழிந்தது. எங்கள் கிணறு சவர் என்பதால் குழாய்நீரையே, குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுகிறேன். கற்கள் ஆமையின் தலையைவிடப் பெரியனவாக இருக்கட்டும்; சிறியவற்றை விழுங்கிவிடும்.

கல்சியத்துக்குக் கடற்கரையே கை கொடுத்தது. கரையொதுங்கும் கணவாய் ஓட்டை உப்புப் போக ஊறவைத்து, பின்புறக் கடினத் தகட்டை நீக்கி மிதக்கவிட்டேன். கங்குன் கீரையோடு அதையும் கடித்துத் தின்கிறது. போன வாரம் அழுத்தியபோது ஓடு உள்வாங்கவில்லை. மருமகன் தெரு முழுதும் அதைச் சொல்லித் திரிந்தான்.

அதைக் கேட்டு ஒருவர், காட்டில் எடுத்த நட்சத்திர ஆமை ஒன்றைத் தர வந்தார். 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்படும் உயிர் அது என்று சொல்லி, வாங்க மறுத்தேன். எங்கள் ஆமையோ வட அமெரிக்காவைச் சேர்ந்தது. பெண்ணானால் ஓடு 30 சென்றிமீற்றர் வரை வளரும், 20 ஆண்டுக்கு மேலும் வாழும். இடம் போதவில்லை என்று குளத்தில் விட்டால் நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும் என்பதால், தொட்டியின் ஒரு பக்கச் சுவரை, பிறகு இடித்து நீட்டக்கூடியதாகவே கட்டியிருக்கிறேன்.